இரண்டாவது நோயாளி

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் அவள் அந்த மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாள். அங்கே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போயிருந்தார். வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி இவளை அனுப்பியிருந்தார்கள். நீண்ட நடைபாதையில் பாதி விளக்குகள் எரியவில்லை. ஊறிய சுவரின் வாடையும் ஸ்பிரிட் வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. வழிகாட்டி வந்த நர்ஸ் ஸ்கேன் அறையின் வாசலோடு நின்றுகொண்டார்.

"வேலை முடிஞ்சதும் வெளிய வந்துடுங்கம்மா. உள்ள சும்மா உக்காந்திருக்க வேண்டாம்."

ஏன் என்று கேட்கத் தோன்றியது. கேட்பதற்குள் தள்ளுவண்டிச் சத்தம் வந்துவிட்டது.

சாரத்திலிருந்து விழுந்த ஒரு பெயிண்டர். கையில் காய்ந்த நீலச் சாயம், காதோரம் காயாத ரத்தம். அவர் மனைவி வண்டியைப் பிடித்தபடியே ஓடிவந்தாள். அவசர அவசரமாகத் தலையை ஸ்கேன் எடுத்து அவரை வார்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது இவள் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் மண்டையைத் திறப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டிய மூளை நிபுணர் வேறு ஊரில் இருந்தார். படங்கள் அவர் கைக்குப் போயாக வேண்டும்.

அப்போது பார்த்து இணையம் போயிருந்தது. மழையில் எங்கோ லைன் அறுந்துவிட்டதாம்.

அந்தக் கம்ப்யூட்டரோ அரதப் பழசு, வைஃபை கிடையாது. ஒரே வழி, தன் போனின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கொடுப்பதுதான். கையிலிருந்த கேபிளைச் செருகினாள். போன் சார்ஜ் ஏறியதே தவிர, கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. செட்டிங்ஸில் இணையம் பகிரும் பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. சில கேபிள்கள் சார்ஜுக்கு மட்டும்தான் ஆகும் என்பது நினைவுக்கு வந்து, நர்ஸிடம் வேறு கேபிள் வாங்கி மாற்றினாள். பொத்தானுக்கு உயிர் வந்தது. ஆனால் முன்பக்கத் துளை ஆடியதில் இணைப்பு வந்து வந்து போனது. பின்பக்கத் துளையைத் தேடி மேசைக்கடியில் குனிந்தாள்.

பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டதுபோல் சில்லென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. ஏசி காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

ஏசி ஓடவில்லை.

நின்று யோசிக்க நேரமில்லை. வாசலில் பெயிண்டரின் மனைவி கண்ணிமைக்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிளைப் பின்பக்கத் துளையில் செருகி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, போனில் பகிர்வை மறுபடி திறந்தாள். திரையின் மூலையில் இணைப்பு வந்துவிட்ட குறி தெரிந்தது. படங்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின.

சற்று நேரத்தில் நர்ஸின் போனில் நிபுணர் அழைத்தார். உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுபோகச் சொன்னார். தாமதித்தால் ஆபத்து என்றார். நர்ஸ் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடினார். போனை மட்டும் இவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

நிபுணர் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"அந்த ரெண்டாவது பேஷன்ட் யாரும்மா? பேர் எதுவும் போடலையே."

ஒருவரைத்தான் எடுத்தேன் என்றாள் இவள்.

"இன்னொரு தலை வந்திருக்கே. பக்கவாட்டுப் படம். இப்பத்தான் எடுத்ததுன்னு காட்டுது."

கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஸ்கேன் படுக்கையைப் பார்த்தாள். காலியாக இருந்தது. விரிப்பில் மட்டும் ஒரு பள்ளம். பெயிண்டர் படுத்த இடமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"இன்னொண்ணு வருது," என்றார் நிபுணர். அவர் குரல் தணிந்திருந்தது. "இதுல முகத்தைத் திருப்பியிருக்காங்க."

இவள் கேபிளைப் பிடுங்கினாள்.

படங்கள் போவதைக் காட்டும் கோடு நிற்கவில்லை. திரையில் மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது.

மின்இணைப்பையே பிடுங்கினாள். திரை இருண்டது. அறையில் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, தன்னுடையதல்லாத ஒன்றும்.

"எல்லாத்தையும் நிறுத்திட்டேன் டாக்டர்," என்று கிசுகிசுத்தாள்.

"இல்லம்மா. இன்னும் வருது. படுத்திருக்கல. எழுந்துட்டாங்க."

கண்ணாடிக்கு அப்பால் படுக்கை தானாகவே மெல்ல வெளியே நகர்ந்து வந்தது. இறங்குபவருக்கு வசதியாக.

அவள் நர்ஸின் போனோடு தன் போனையும் மட்டும் வாரிக்கொண்டு ஓடினாள். பையை எடுக்கவில்லை, செருப்பை எடுக்கவில்லை. வெளிச்சமும் ஆட்களும் இருந்த வெளிநோயாளிகள் கூடத்தில்தான் போய் நின்றாள். அங்கே வந்து கண்டுபிடித்த நர்ஸ், பெயிண்டர் பிழைத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, இவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கதவைத் தாழிட்டுவிட்டு, போனைத் தலைமாட்டில் சார்ஜில் போட்டாள். அலுப்பில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிப்போனாள்.

காலையில் போன் அடித்தது, படுத்தபடியே எடுத்தாள். அந்த நிபுணர்தான். நர்ஸிடம் கேட்டு நம்பர் வாங்கினாராம். பெயிண்டர் கண் விழித்துவிட்டார் என்றார். அவளுக்கு மனசு லேசானது. நன்றி சொல்லி வைக்கப் போனாள்.

"இன்னொரு விஷயம்மா. காலைல இன்னொரு படம் வந்திருக்கு. இது ஸ்கேன் பெட் மாதிரி தெரியல. தலையணைல ரெண்டு தலை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி." அவர் தயங்கினார். "முன்னாடி இருக்கறவங்க காதுல வளையம் போட்டிருக்காங்க. ஒரு காதுல மட்டும்."

அவள் கை தானாகக் காதுக்குப் போனது. இடது காதில் வளையம் இருந்தது. வலது காது வெறுமையாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால், தலையணை மெல்ல அமுங்கியது.