குரல் திரும்பாத அறை

காலியான வீட்டில் குரல் கொடுத்தால் அது சுவரில் மோதித் திரும்பி வர வேண்டும். பின்னறையில் மட்டும் வரவில்லை.

"யாராவது இருக்கீங்களா?" என்று வீட்டை இடிக்க வந்த கான்ட்ராக்டர் மறுபடியும் கேட்டார். கூடத்திலும் சமையலறையிலும் கணீரென்று ஒலித்த அதே குரல், இங்கே துணி மூட்டைக்குள் பேசியதுபோல் அமுங்கிப்போனது.

வீட்டுக்காரியான அவள் எட்டிப் பார்த்தாள். கட்டிலையும் பீரோவையும் போன வாரமே விற்றாகிவிட்டது. கதவு, ஜன்னல்களைக்கூட அவருடைய ஆட்கள் காலையில் கழற்றிவிட்டார்கள். நாலு சுவரும் வெறுந்தரையும்தான் பாக்கி.

"இந்த ரூம் காலியாகல மேடம்."

"கண்ணு முன்னாடி காலியாத்தானே இருக்கு?"

"இடிக்கிற வீட்டுல நாங்க காதைத்தான் நம்புவோம். உள்ள ஏதாவது இருந்தா குரலை முழுங்கிடும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைசென்ஸ் இல்லாத இரண்டு பேர் முன்பே வந்து, இந்த அறைவரை நடந்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று கம்பி நீட்டியிருந்தார்கள். அதனால்தான் லைசென்ஸ் உள்ளவராகத் தேடிப் பிடித்தாள். இடிக்கும் அனுமதி இன்றோடு முடிகிறது. கணவர் போனபிறகு அவளுக்கும் மகளுக்கும் மிஞ்சியது இந்த மனை ஒன்றுதான். புது வீடு எழும்பும்வரை வாடகை ஃப்ளாட். அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை. மகளுக்கு அதுவே கொண்டாட்டம். வெறும் கூடத்தில் நின்று கத்துவாள், எதிரொலி வந்ததும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"இன்னிக்கே முடிக்கணும் அண்ணே."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்போ வீட்டுக்காரங்க நீங்கதான் உள்ள போய்ச் சொல்லணும். 'வெளிய போங்க'ன்னு மட்டும் சொல்லுங்க. வாங்கன்னு சொல்லிடாதீங்க."

சிரிக்கலாமா என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

உள்ளே காலடி எடுத்து வைத்ததும் தெருவில் உறுமிக்கொண்டிருந்த இயந்திரத்தின் சத்தமும், ஆட்கள் ஓடு அடுக்கும் சத்தமும், அவளுடைய செருப்பு மணலை நெரிக்கும் சத்தமும் ஒவ்வொன்றாக மங்க, ஜன்னல் இருந்த ஓட்டை வழியே வெயில் விழுந்தும் இருள் சேர்ந்த அந்த அறையில், ஈரத் தலைமுடியின் வாடையும் நெருக்கி நிற்பவர்களின் உடல் சூடும் அவளைச் சூழ்ந்தன. பயமாக இருந்தது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. கழுத்தின் பின்னால் மூச்சு. திரும்பினாள். சுவர். மறுபடி மூச்சு. தோளில் ஏதோ உரசியது. வாயைத் திறந்தாள். தினமும் பள்ளி வாசலில் மகளிடம் செல்லமாகச் சொல்வதுதான் வந்தது.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

போலாம், போலாம் என்று நாலு சுவரும் திருப்பிச் சொல்லின.

அவள் வெளியே ஓடிவந்தாள். "எதிரொலி வந்துடுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான்."

அவர் அவளுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை அசைத்தார். இயந்திரம் நகர்ந்தது. பின்னறை ஒரே தட்டில் சரிந்தது. புழுதி அடங்கியபோது கல்லும் மண்ணும் தவிர எதுவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு ஃப்ளாட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் மகள் வழக்கம்போல் கூடத்தின் நடுவே ஓடிப்போய், "அம்மா" என்று கத்தினாள்.

குரல் திரும்பவில்லை.

இன்னொரு முறை கத்தினாள். இல்லை.

கதவருகே நின்ற அவள் சுவிட்சைப் போட்டாள். வெறுந்தரை. வெறுஞ்சுவர். ஈரத் தலைமுடி வாடை.

கூடத்தின் நடுவில் மகள், கூட்டமான பஸ்ஸில் நிற்பதுபோல் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்மா," என்றாள், யாருடைய இடுப்பையோ சுற்றி எட்டிப் பார்ப்பதுபோல் தலையை ஒரு பக்கம் சாய்த்து.