உள்ளே ஆள் இருக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் நானும் என் வீட்டுக்காரரும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். எங்கே என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது. நிறுத்தத்தில் முதலில் வருகிற பஸ்ஸில் ஏறுவோம். ஜன்னல் வழியாக எந்தத் தெரு எனக்குப் பிடிக்கிறதோ அங்கே இறங்குவோம். இந்த நகரத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியும் நாங்கள் பார்க்காத சந்துகள்தான் அதிகம். ஒரு தடவை முழுக்க முழுக்கக் கடிகாரம் பழுது பார்க்கிறவர்களே இருக்கும் தெரு ஒன்றைக் கண்டுபிடித்தோம். அங்கே ஒரு கடிகாரமும் சரியான நேரம் காட்டவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

அவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் லிப்ட் கண்ணில் பட்டுவிட்டால் போதும், மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் குறை தேடுகிறவர் மாதிரி மேலும் கீழும் பார்ப்பார். நான் சலவைக் கடையில் துணிகளுக்குக் குறி போடுகிறவள். ஒரு குறியை ஒரு முறை பார்த்தால் மறக்க மாட்டேன்.

அதனால்தான் அந்தப் பலகையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன்.

பழைய சாமான் சந்தை அது. உடைந்த கண்ணாடிகளுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் நடுவே, மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து. 'உள்ளே ஆள் இருக்கிறார். இயக்க வேண்டாம்.' கீழ் மூலையில் ஆணியால் கீறிய எலிப் படம். வால் மட்டும் சுருண்டிருந்தது.

"எடுத்துக்கோங்கக்கா, சும்மாவே தர்றேன்" என்றார் கடைக்காரர். "காலையில யாரு வெச்சிட்டுப் போனாங்கன்னே தெரியல. ஒரே ஈரம்."

அந்தப் பலகையை இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலத்து மேலிருந்து ஆற்றில் வீசியவளே நான்தான்.

சொல்லித்தான் ஆக வேண்டும். லிப்ட் வேலையில் ஒருவர் லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினால் மற்றவர் மேலே சுவிட்சுக்குக் காவல். இறங்குகிறவர் தன் குறி கீறிய பலகையைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். என் வீட்டுக்காரருக்கு நீளக் கழுத்து, அதனால் ஒட்டகம் என்று பட்டப்பெயர். அவருடைய கூட்டாளி எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவான், அதனால் எலி. உள்ளே இருப்பவர் ஸ்பேனரால் இரும்பில் மூன்று தட்டுத் தட்டினால், இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால், வெளியே வந்துவிட்டேன், ஓட்டலாம்.

அன்றைக்கு எலி குழிக்குள் இருந்தான். மேலே இவருக்கு நான் போன் போட்டேன். மறுநாள் ஞாயிறு, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்கத்தான். பேச்சு சுவாரசியத்தில் இவர் பலகையைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

மூன்று தட்டு. போனில் எனக்கே கேட்டது.

அப்புறம் கேட்டதை நான் எழுத மாட்டேன்.

"ஐயோ, எலி... எலி உள்ள இருக்கான்" என்று இவர் அழுதார். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ! "அழுறதை நிறுத்துங்க. யாரும் வர்றதுக்கு முன்னாடி பலகையை எடுத்துப் பையில போடுங்க. அவன் மாட்டவே இல்லைன்னு சொல்லுங்க. குடிச்சிருந்தான்னு சொல்லுங்க. செத்தவனுக்கு இனிமே என்ன வரப்போகுது?"

விசாரணையில் இவர் அப்படியே சொன்னார். "வாயில வாசனை வந்துச்சு சார்." எலி டீயைத் தவிர எதையும் தொடாதவன். அவன் மனைவியைக் கம்பெனிக் குடியிருப்பிலிருந்து காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குடிகாரன் பொண்டாட்டி என்று பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் எங்கள் கதவைத் தட்டினாள். "அக்கா, அண்ணன் இருக்காரா? ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்கா."

"வீட்டுல யாரும் இல்லைம்மா" என்று கதவைத் திறக்காமலே சொன்னேன். அவர் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் வெகு நேரம் தட்டினாள். பாவி நான், ரேடியோவைப் பெரிதாக வைத்தேன்.

சந்தையிலிருந்து இரண்டு பேரும் ஓடாத குறையாக வந்தோம். ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு நான்தான் பிடிவாதமாக அழைத்துப் போனேன், நகரத்தின் அடுத்த கோடிக்கு. அச்சகங்கள் மூடிக் கிடந்த ஒரு சந்து. நல்ல வெயில். ஆனால் நடுச் சந்தில் மட்டும் கிரீஸ் வாடை, தேங்கிய தண்ணீரின் வாடை. சுவரில் ஒரு மின்சாரப் பெட்டி.

அதில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

காற்றே இல்லை. ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் செருப்புக்குக் கீழே, நடைபாதைக்குள்ளிருந்து, இரும்பில் மூன்று தட்டு.

"கேக்குதா?" என்றார்.

"ஒண்ணும் கேக்கல" என்றேன். பொய்தான்.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியலம்மா. அவன் பொண்டாட்டி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். போய்க் கால்ல விழுந்து சொல்லிடறேன். அவன் குடிக்கல, பலகை மாட்டியிருந்தான்னு."

"சொல்லிட்டு ஜெயில்ல போய் உக்காருங்க. நான் நடுத்தெருவுல நிக்கறேன். நல்லா இருக்கு உங்க நியாயம்!"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் எழுந்து என் பின்னாலேயே நடந்தார். எப்போதும் என் பேச்சுதான் ஜெயிக்கும்.

மூன்றாவது ஞாயிறு பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸிலிருந்து குதித்து, கண்ணில் பட்ட கட்டடத்துக்குள் ஓடினோம். பழைய ஏழு மாடிக் கட்டடம். கீழே பூட்டிய கடைகள், ஒரு ஓரத்தில் நாற்காலியில் தூங்கி வழிகிற காவல்காரர், பின்னால் கிரில் கதவு போட்ட லிப்ட். நான் முதலில் பார்த்தது பலகை இருக்கிறதா என்றுதான். இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல. எல்லாம் உங்க மனசு பண்ற வேலை."

அவரும் ரொம்ப நாளைக்கு அப்புறம் லேசாகச் சிரித்தார். லிப்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேக்கு மரப் பெட்டி, உள்ளே உட்காரச் சின்ன பெஞ்சு. "இந்த மாதிரி ஒண்ணு இன்னும் இருக்கா! எங்க வாத்தியார்கூட பாத்திருக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி ஒரு கால் உள்ளே வைத்தார். அப்புறம் இன்னொரு கால். கூரையைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெளிப்பக்கம், என் முகத்துக்கு நேரே, பலகை தொங்கியது.

லிப்ட் கீழே இறங்க ஆரம்பித்தது. நாங்கள் நின்றது தரைத் தளம். அதற்குக் கீழே தளம் கிடையாது.

நான் கிரில்லைப் பிடித்து உலுக்கினேன். அவருடைய முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. கம்பி வழியே என் விரலைப் பிடித்துக்கொண்டார். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவகிட்ட சொல்லிடும்மா" என்றார். "நீயாவது சொல்லிடு."

விரல் நழுவியது.

என் அலறலில் காவல்காரர் எழுந்து ஓடி வந்தார். "என்னம்மா இது, அந்த லிப்டா? அது நின்னு ஏழு வருஷம் ஆச்சே! மோட்டாரையே கழட்டி வித்துட்டாங்க." டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே பெட்டியும் இல்லை, பெஞ்சும் இல்லை. வெறும் குழி. முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். ஆட்கள் வந்து தண்ணீரை இறைத்தும் பார்த்தார்கள். அவருடைய செருப்புகூடக் கிடைக்கவில்லை.

போலீஸ் வந்ததும் காவல்காரர், கிரில் கதவைப் பூட்டாமல் விட்டதற்குத் தன் வேலைக்கு ஆபத்து என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. என் கண்ணெதிரே சொன்னார்: "வரும்போதே தள்ளாடிக்கிட்டுதான் வந்தாரு. வாயில வாசனை வந்துச்சு சார்."

"அவர் குடிக்கவே மாட்டாரு சார்! உண்மையைக் கேளுங்க சார்!"

"எல்லா வீட்டம்மாவும் இதைத்தான் சொல்றாங்க" என்றார் அதிகாரி. "போதையில எங்கேயாவது போயிருப்பாரு. தானா வருவாரு. நீங்க வீட்டுக்குப் போங்க."

பலகையை மட்டும் நான் கழற்றி எடுத்து வந்தேன். மூலையில் எலிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கீறல், நீளக் கழுத்தோடு ஒரு ஒட்டகம்.

நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. தினமும் மதியம் மூன்று மணிக்குச் சமையலறைக் குழாய்க்குள்ளிருந்து சத்தம் வரும். மூன்று தட்டு. இரண்டு கைகள் சேர்ந்து தட்டுகிற சத்தம். ஒன்று அழுத்தம், ஒன்று லேசு. லேசான கை என் வீட்டுக்காரருடையது என்று எனக்குத் தெரியும். நானும் கரண்டியால் பதிலுக்குத் தட்டி, "இருங்க, சொல்லிடறேன், நாளைக்கே போறேன்" என்று அழுவேன். எலியின் மனைவிக்கு எல்லாவற்றையும் எழுதிய கடிதம் மேஜையில் பலகைக்கு அடியிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் செருப்பை மாட்டுவேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல் கண் முன் வரும். கழற்றிவிடுவேன்.

இன்றைக்கு ஞாயிறு. மூன்று மணிக்குக் கரண்டியோடு காத்திருந்தேன். குழாயில் சத்தமே இல்லை.

மூன்று ஐந்து. மூன்று பத்து.

ஓடிப்போய்ப் பலகையை எடுத்துப் பார்த்தேன். ஒட்டகம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் தகரம் வழவழவென்று, கீறலே விழாத மாதிரி இருந்தது. எலி இல்லை.

வீடு முழுக்கக் கிரீஸ் வாடை.

வாசல் கதவில் ஒரே ஒரு தட்டு.