விரால் வாடை

சமையலறை மேல்தட்டிலிருந்து எவர்சில்வர் குண்டான் விழுந்த சத்தத்தில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. மிக்ஸி போட்டாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும் பிள்ளை அது. இன்னும் ஐந்து வயது நிறையவில்லை, வீட்டில் கூப்பிடுவது சுண்டு. குண்டான் உருண்டு வந்து முழங்காலில் இடித்து நின்றது. சுண்டு அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுப் பச்சைப் பென்சிலைத் தேடினாள்.

"ஏய், பயமா இல்லையாடி?"

"எதுக்கும்மா?"

கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் இதே நிதானத்தை மூன்று மாதமாகத் தன் மீன்குஞ்சுகளிடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை, வீடும் அதே வளாகத்தில். காற்றில் கரியமில வாயு ஏற ஏற ஏரித் தண்ணீரில் புளிப்பு கூடுகிறது. ஐம்பது வருடம் கழித்து வரப்போகிற அந்தத் தண்ணீரை, வாயு கலந்து ஒரு தொட்டியில் இன்றைக்கே தயாரித்து அதில் கெண்டைக் குஞ்சுகளை வளர்ப்பாள். பிறகு நீளமான ஒரு கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பார்ப்பாள். அதில் ஒரு பக்கம் வெறும் தண்ணீர், மறுபக்கம் குஞ்சுகளைத் தின்னும் விரால் மீன் கிடந்த தண்ணீர். விரால் கண்ணில் படவே வேண்டாம், வாடை போதும், நல்ல குஞ்சு தலைதெறிக்க ஓடும். புளித்த தண்ணீரில் எட்டு நாள் கிடந்த குஞ்சோ விரால் பக்கமாகப் போகும். வாடை கூடக் கூட வேகமாகப் போகும், மாமன் வீட்டுக்கு விருந்துக்குப் போவது மாதிரி. வளர்ந்த கெண்டைகளுக்கும் அதே கதிதான், இரண்டு நாள் பிந்தும், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளைக்கு முன்பு வளாகத்தில் குழாய் வறண்டபோது குழாய் வேலை பார்க்கும் அண்ணன் வந்து நின்றார். பல்லியைப் பார்த்தால் ஏணியிலிருந்து குதித்துவிடும் மனிதர் என்பதால் அவருக்கு எல்லாரும் வைத்த பெயர் மாவீரன்.

"மேடம், உங்க தொட்டியில தண்ணி வழிஞ்சு வீணாப் போகுது. நம்ம ரெண்டு வீட்டு லைனையும் அதுல குடுத்துடவா? குடிக்க மட்டும் கேன் வாங்கிக்கலாம்."

அவளே சோதித்துப் பார்த்தாள். நாக்குக்குத் தெரியாத புளிப்பு. "மீன்குஞ்சே பொழச்சுக் கிடக்குது, நமக்கு என்னண்ணே?" என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். அன்றிலிருந்து தானும் அதில்தான் குளித்தாள், சுண்டுவையும் அதில்தான் குளிப்பாட்டினாள். விரலை மடக்கி எண்ணினாள். இன்றோடு பத்து நாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முந்தாநாள் உறுமிக்கொண்டிருந்த நாயின் வாய்க்குள் சுண்டு கையை விட்டாள். நேற்று லாரி வந்தபோது நடுரோட்டில் நின்று அதை வேடிக்கை பார்த்தாள். வாலுத்தனம் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தாளே, அதை நினைத்ததும் கண் கலங்கியது.

"இங்கேயே இரு. அம்மா குழாயை மூடிட்டு வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை. காற்று மோட்டார்களின் முனகலும், ஈரச் சுவரின் பாசி நாற்றமும், பச்சை வெளிச்சத்தில் கூரையில் நெளியும் தண்ணீரின் நிழலும் எப்போதும் போலவே இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு வாடை, சேறும் கொழகொழப்பும் கலந்த விரால் வாடை, பின்சுவர்ப் பக்கமிருந்து கனமாக வந்துகொண்டிருந்தது. வால்வைத் திருகி மூடிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள். நல்ல தண்ணீர்த் தொட்டிகளில் இருந்த குஞ்சுகளெல்லாம் பின்சுவரை விட்டு விலகி, முன்கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நடுங்கின. புளித்த தண்ணீர்க் குஞ்சுகள் பின்சுவரைப் பார்த்து வரிசையாக நின்றன.

அந்தச் சுவருக்குப் பின்னால் கழிவுநீர்க் கிணறுதான் இருக்கிறது. எல்லாத் தொட்டிகளின் தண்ணீரும் போய்ச் சேரும் இருபதடிப் பள்ளம், மேலே இரும்பு மூடி.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூடியை மாவீரன் இரண்டு கையாலும் தள்ளித் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மஞ்சள் கவுன். சுண்டு.

ஓடினாள். செருப்பு கழன்றது. கல் குத்தியது.

"சுண்டு! அங்க போகாதடி! அண்ணே, பிள்ளையப் பிடிங்க!"

மாவீரன் திரும்பிச் சிரித்தார். "பயப்படாதீங்க மேடம். நான் முன்னாடி போறேன்." கம்பிப் படியில் காலை வைத்து, மாடியிலிருந்து இறங்குகிறவர் மாதிரி இறங்கினார்.

களுக்.

விரால் மேலே வந்து காற்றை விழுங்கும் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் அது ஒரு சொட்டு விழுகிற அளவுதான் கேட்கும். இந்தச் சத்தத்தில் கிணற்றோரம் கிடந்த சருகெல்லாம் உள்ளே இழுபட்டுப் போயின. மாவீரன் கத்தவில்லை. படியில் அவர் இல்லை.

சுண்டு விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டாள்.

இன்னும் பத்தடி. ஐந்து. பிடித்துவிட்டாள். தோளைப் பிடித்துவிட்டாள்!

இழுக்க வேண்டும். இப்போதே இழுக்க வேண்டும். வாடை மூக்கில், தொண்டையில், நெஞ்சில் நிறைந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது நின்றது. கை நடுக்கமும் நின்றது.

ஐயோ, வேண்டாம். இப்போது வேண்டாம். அவள் பயப்படப் பார்த்தாள். பிறந்தபோது இந்தப் பிள்ளை அழாமல் நீலமாகக் கிடந்த ஒரு நிமிடத்தை நினைத்தாள். காய்ச்சலில் கண் சொருகிய இரவை நினைத்தாள். புறங்கையை ரத்தம் வரக் கடித்தாள். எல்லாம் நினைவுக்கு வந்தது, யாரோ சொன்ன கதை மாதிரி வந்தது. கீழே என்ன இருக்கிறது, என்ன செய்யும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அறிவு அப்படியே இருந்தது. பயம் மட்டும் இல்லை.

கறுத்த தண்ணீர் மெல்ல உயர்ந்தது. கிணற்றின் அகலத்துக்கு ஒரு வாய் மேலே வந்து திறந்தது. உள்பக்கம் வெள்ளை வெளேரென்று, ஈரமாக இருந்தது.

"அம்மா, கிட்டப் போய்ப் பாக்கலாமா?"

"போலாம்டா. படி வழுக்கும், அம்மா கையைப் பிடிச்சுக்கோ" என்றாள்.