மாப்பிள்ளை அம்மாவின் கைரேகை

"மணமகனின் தாயார் நேரில் வந்து கைரேகை வைக்கவும்" என்று திருமணப் பதிவுப்பொறி மறுபடியும் சொன்னதும் செண்பகவடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் இருப்பது நிலாவில். அங்கே சுரங்கத்தில் மேற்பார்வையாளர். பேசுதிரையில் சிரித்தபடி கட்டைவிரலை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார், பொறி மசியவில்லை. இன்று சாயங்கால விண்கலத்தில் மாப்பிள்ளை பரமகுருவும் அங்கே வேலைக்குப் போகிறான். பதிவான மனைவிக்குத்தான் கூடப் போக இடம். இதை விட்டால் அடுத்த கலம் இரண்டு வருஷம் கழித்துத்தான்.

"எந்த மகராசன் இந்த மென்பொருள செஞ்சான்? இன்னைக்கு அவன உண்டு இல்லன்னு ஆக்குதேன் பாரு!"

அதற்கும் வழி இருந்தது. அரசு மென்பொருளில் சிக்கித் தவிக்கிறவர் யாரானாலும் பொறுப்புத்தேடியை அழுத்தலாம். தப்புக்கு மூலகாரணம் யார் என்று அது துருவிக் கண்டுபிடிக்கும். அந்த ஆள் எங்கிருந்தாலும் வந்து, தானே திருத்தித் தர வேண்டும். வடிவு ஓங்கி அழுத்தினாள். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க நெருங்கி வந்தார்கள்.

"நிரல் எழுதியவர் பொறுப்பல்ல, அதிகாரி சொன்னதைச் செய்தார். அதிகாரி பொறுப்பல்ல, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மக்கள் கேட்டதைச் சொன்னார். கேட்டவர் செண்பகவடிவு" என்றது பொறுப்புத்தேடி.

கூட்டம் ஓவென்று சிரித்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கருத்துக்கேட்பு நடந்தது, தம்பி சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த வாரம். அங்கே மைக்கைப் பிடுங்கி, "மாப்பிள்ளையோட அம்மா நேர்ல வந்து கைநாட்டு வைக்காம எந்தக் கல்யாணமும் செல்லாதுன்னு போடுங்க!" என்று கத்தியிருந்தாள். பலத்த கைதட்டல் வேறு.

"அடிப்பாவி, நீதானா அது?" பரமகுரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெட்கத்தை மீறி அவளுக்கும் சிரிப்பு பொங்கியது.

"விதியைத் திருத்தவும்" என்றது பொறி.

"தூக்கு அத! ரெண்டு பேருக்கும் சம்மதம்னா போதும்."

விசில் பறந்தது. வடிவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அக்கா, இதையும் போடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு கல்யாணப்பெண் குரல் கொடுத்தாள். "மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரிஞ்சிருக்கணும்!"

பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டுவிட்டால் வடிவுக்கு நிதானம் ஏது?

"அதானே! அதையும் சேத்துக்கோ!"

"சேர்த்தாயிற்று. மணமகன் இப்போது ரசம் வைத்துக் காட்டவும்."

பரமகுருவின் சிரிப்பு பட்டென்று நின்றது. அவனுக்கு வெந்நீர் வைக்கவே வராது.

"ஏலே குரு, மொதல்ல புளிய ஊறப் போடுலே!" என்று நிலாவிலிருந்து அவன் அம்மா பதறினார்.

வரிசையில் நின்ற மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் பொறுப்புத்தேடியை அழுத்த முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள்.