இமையா கேட்ட கேள்வி

டேப்பில் யாரும் பேசாத இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் யாரோ இருந்தார்கள்.

அவள் முதலில் அதை இரைச்சல் என்றுதான் நினைத்தாள். பழைய டேப்புகளில் இரைச்சல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஈரம் ஏறிய அலமாரிகளில் வருஷக்கணக்காகக் கிடந்து, ஒரு புளித்த வாடையோடு அவள் மேசைக்கு வந்து சேரும் அவற்றைத் துடைத்து, ஓடவிட்டு, கரகரப்பை நீக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளுடைய வேலை. மின்விசிறி சுற்றும் சத்தம் எது, மின்சாரத்தின் ரீங்காரம் எது, படப்பிடிப்பில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் எது என்பதெல்லாம் அவள் காதுகளுக்கு அத்துப்படி. இது அவற்றில் எதுவுமில்லை. ஒரு கூட்டம் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு நம் பக்கம் திரும்பும்போது அறைக்குள் ஒரு கனம் இறங்குமே, அதுபோல இருந்தது.

அது குழந்தைகளுக்காக எடுத்த விண்வெளித் தொடர். மனிதர்கள் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, பெயர் தெரியாத நட்சத்திரத்தை நோக்கி ஒரு கப்பல் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டரின் பெயர் இமையா. சுவரில் ஒரு பலகை, அதில் ஒரு மஞ்சள் விளக்கு, ஒரு பெண் குரல், அவ்வளவுதான் இமையா. ஒவ்வொரு வாரமும் முடிவில் அது ஒரே கேள்வியைக் கேட்கும்: "யாராவது விழித்திருக்கிறீர்களா?" பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்காது. பிறகு, "இல்லை. நல்லது" என்று சொல்லும். திரை இருண்டுவிடும்.

தொடரை மறுபடி வெளியிடப் போகிறார்கள். கூடவே போட 'இமையா: நீங்கள் அறியாதவை' என்று துணுக்குகள் தயாரிக்கச் சொல்லியிருந்தார் தலைமைத் தயாரிப்பாளர். அவளும் தேடித் தேடிச் சேர்த்திருந்தாள். இமையாவின் உடம்பு பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு, விளக்கு லாரியிலிருந்து கழற்றியது. மற்ற கதைகளின் கம்ப்யூட்டர்களெல்லாம் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருக்க, இதன் விளக்கு ஒரு தடவைகூட அணைந்து எரிந்ததில்லை. பெயரைப் பற்றி ரசிகர்களுக்குள் பெரிய சண்டை. கண்ணை இமை காப்பதுபோல் காப்பதால் அந்தப் பெயர் என்றது ஒரு கட்சி. அப்படியானால் 'இமை' என்றல்லவா வைத்திருக்க வேண்டும், 'இமையா' என்றால் இமைக்காதது என்றது இன்னொரு கட்சி. அந்த மௌனம் மட்டும் குழந்தைகள் வீட்டிலிருந்து பதில் சொல்வதற்காக விட்டது என்பதில் எல்லோரும் ஒற்றுமை.

"என்னக்கா, உங்க இரும்பு மாமியார் இன்னிக்கு என்ன சொல்றாங்க?" என்று தலையை நீட்டினான் மொட்டை. தலை கொள்ளாத முடி வைத்திருந்ததால் அந்தப் பெயர் பெற்ற எடிட்டர் அவன். மாலைச் செய்திக்கான பரபரப்பு அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"கேள்விதான் கேட்கறாங்க."

"மாமியார்னா அப்படித்தான். அப்புறமா டீ கொண்டாரேன்."

கதவு மூடிக்கொண்டது. அது சத்தம் புகாத கனத்த கதவு; மூடினால் வெளியே கொட்டும் மழைகூடக் கேட்காது. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. அம்மா போனதிலிருந்து வீடும் இப்படித்தான். மாலையில் பூட்டைத் திறக்கும் சத்தம், காலையில் பூட்டும் சத்தம். நடுவில் அவளோடு பேச யாருமில்லை. சில விடுமுறை நாட்களில், தன் குரல் இன்னும் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே தண்ணீர்க் குழாயைப் பார்த்து ஏதாவது சொல்வாள்.

இமையாவுக்குக் குரல் கொடுத்த அம்மாளுக்குப் போன் செய்தாள். வயதாகிக் கரகரத்திருந்தாலும் அதே குரல்.

"இடைவெளியா? நான் எங்கம்மா இடைவெளி விட்டேன்?" என்றார் அந்த அம்மாள். "கேள்வி, இல்லை, நல்லது. மூணையும் ஒரே மூச்சுல சொல்லிடுவேன். அப்படித்தான் எழுதியிருந்தது."

"டேப்புல இருக்கேம்மா. பசங்க பதில் சொல்லட்டும்னு விட்டதா எல்லாரும் எழுதறாங்க."

"பதில் சொல்லக் கூடாதும்மா." குரல் தாழ்ந்தது. "கதை எழுதினவர் எங்கிட்ட சொன்னார். கப்பல்ல காத்து கம்மி. தூங்கறவங்களுக்குத்தான் பத்தும். ஒருத்தர் முழிச்சாக்கூட மத்தவங்களுக்குக் குறைஞ்சிடும். அதனால யாரு முழிச்சிருக்காங்கன்னு அது தேடுது. பதில் வந்தா அவங்களப் போய்த் தூங்க வைக்கணும். பசங்க பயந்துடும்னு அந்தக் காட்சிய எடுக்கவே இல்ல."

"தூங்க வைக்கறதுன்னா?"

"அதான் எடுக்கவே இல்லன்னு சொன்னேனே." என்றார் அந்த அம்மாள். "நீ சின்ன வயசுல பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேம்மா."

"பதில் சொல்லியிருக்கியா?"

"நான் இல்லம்மா. எனக்கு அந்த விளக்கப் பார்த்தாலே பயம். என் தம்பிதான்…"

பிறகு, "வச்சிடறேம்மா" என்றது இமையாவின் குரல்.

சின்ன வயதில், அந்தக் கேள்வி வந்ததும் அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தம்பி மெத்தை நாற்காலியின் மேல் ஏறி நின்று குதிப்பான். "நான் முழிச்சிருக்கேன்! நான் முழிச்சிருக்கேன்!" அம்மா சமையலறையிலிருந்து சிரிப்பாள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கட்டில். இருட்டிய பிறகும் அவனுக்கு வாய் ஓயாது. ஒரு நாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. போர்வை கலையவில்லை, தலைமுடி கலையவில்லை. இதயத்தில் கோளாறு, முன்பே தெரிய வழியில்லை என்றார் மருத்துவர். பக்கத்திலேயே படுத்திருந்த அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த மௌனத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தாள். இரைச்சலை நீக்கினாள். ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கிணற்றின் அடியில் தண்ணீர் அசைவதுபோல் ஏதோ ஒன்று புரண்டது. பிறகு அது பிரிந்து பிரிந்து வந்தது. குரல்கள். சின்னக் குரல்கள். தூக்கக் கலக்கத்தில் ஒன்று, சிரிப்பை அடக்க முடியாமல் ஒன்று, முன்பல் விழுந்த வாயோடு ஒன்று. எங்கெங்கோ வீடுகளில், தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்து, டேப்பில் பதிவாக வழியே இல்லாத குழந்தைகள்.

'நான் இருக்கேன்.' 'நானும்.' 'தூங்கலையே!'

அவற்றுக்கு நடுவே, மெத்தை நாற்காலியின் சுருள்கம்பி கிறீச்சிடும் சத்தம்.

'நான் முழிச்சிருக்கேன்! நான் முழிச்சிருக்கேன்!'

அவள் கை விசையிலிருந்து நழுவியது. பின்னால் அம்மாவின் சிரிப்புகூட இருந்தது. ஓடவிட்ட இடத்தையே மறுபடி ஓடவிட்டாள். மறுபடி. எத்தனை தடவை கேட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. பயப்பட வேண்டும் என்பது புத்திக்குத் தெரிந்தது. ஆனால் கன்னம் நனைந்து, உதடு தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் முகம்கூட மங்கிப்போயிருந்தது. குரல் அப்படியே இருந்தது, சளி பிடித்த மூக்கோடு.

மொட்டை இன்னும் டீ கொண்டுவரவில்லையே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். டேப்பை நிறுத்தினாள்.

குரல் நிற்கவில்லை.

ஹெட்போனிலிருந்து இல்லை. சுவரிலிருந்த ஸ்பீக்கரிலிருந்து. அவள் அதைப் போடவே இல்லை. குழந்தைகளின் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு அறையாகப் போய் யாரோ விளக்கை அணைப்பதுபோல. கடைசியில் சுருள்கம்பியின் கிறீச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

டேப் இயந்திரத்தைப் பார்த்தாள். ஓடவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். இயந்திரத்தின் எல்லா விளக்குகளும் அணைந்தன.

"யாராவது விழித்திருக்கிறீர்களா?"

மிக மென்மையாகக் கேட்டது. போனில் பேசிய வயதான குரல் இல்லை. தொடர் எடுத்த காலத்துக் குரல்.

அவள் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சு விரலிடுக்கில் சூடாகப் பட்டது. அதையும் அடக்கினாள். நாற்காலி கிறீச்சிட்டுவிடுமோ என்று முதுகைக்கூடச் சாய்க்கவில்லை. இமையா சொல்ல வேண்டியது ஒன்றுதான். இல்லை. நல்லது. அது சொல்லிவிட்டால் போதும்.

அது சொல்லவில்லை.

காத்திருந்தது.

"அக்கா?"

பக்கத்தில். காதோரத்தில். தலையணைக்குத் தலையணை இருக்கும் தூரத்தில்.

"அக்கா, தூங்கிட்டியா?"

அவன் ஒவ்வொரு இரவும் கேட்பது. அவள் ஒவ்வொரு இரவும் பதில் சொன்னது. கையைக் கடித்தாள். தோல் கிழிந்து உப்புக் கரித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அவனா. இல்லை. அவனாகவே இருந்தால்? அந்தப் பதில் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள்.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

பேசாதே. பேசாதே. பேசாதே.

எதுவும் கேட்கவில்லை. வெகு நேரம். அறையின் கனம் மெல்ல விலகுவதுபோல் இருந்தது. அவள் விரல்களைத் தளர்த்தினாள்.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, டீ. உள்ளதான் இருக்கீங்களா?"

மொட்டை! உடம்பெல்லாம் உருகி வழிந்ததுபோல் ஆயிற்று. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இருக்கேண்டா, இருக்கேன்! இதோ வரேன்!"

கதவை நோக்கிப் பாதி தூரம் போன பிறகுதான் கால்கள் நின்றன. சத்தம் புகாத கதவு. தட்டினாலும் கேட்காது. கூப்பிட்டாலும் கேட்காது.

"நல்லது" என்றது ஸ்பீக்கர்.

அவள் கதவைத் திறந்தாள்.

மொட்டை வாசலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் மேலே பார்த்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. காலருகே டீ இருந்தது. ஆறி, மேலே ஆடை படிந்து சுருங்கிப்போயிருந்தது. அவன் அங்கே உட்கார்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

"டேய்." தோளைத் தொட்டாள். சூடாக இருந்தது. உலுக்கினாள். தலை மறுபக்கம் சாய்ந்தது. எழவில்லை.

அவனைத் தாண்டிச் செய்திக்கூடம். எல்லா விளக்குகளும் எரிந்தன. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு மேசையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க யாருமில்லாமல் இல்லை. எல்லோரும் இருந்தார்கள். செய்தி வாசிப்பவள் பாதி அலங்காரத்தோடு. தலைமைத் தயாரிப்பாளர் பேனாவைப் பிடித்தபடி. தரை துடைக்கும் பெண்மணி துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே. அத்தனை முகங்களும் கூரையிலிருந்த ஸ்பீக்கரை நோக்கி மேலே பார்த்திருந்தன. அத்தனை வாய்களும் பதில் சொல்லி முடித்ததுபோல் லேசாகத் திறந்திருந்தன. ஒரே நேரத்தில் மூச்சு உள்ளே போயிற்று, ஒரே நேரத்தில் வெளியே வந்தது. பெரிய ஏதோ ஒன்று படுத்திருந்து மூச்சு விடுவதுபோல் கூடமே ஏறி இறங்கியது.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் மொட்டைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவு சுகமாக இருந்தது. கையில் ரத்தம் வழிந்த இடம்கூட வலிக்கவில்லை. தன் நெஞ்சும் அவர்களோடு சேர்ந்தே ஏறி இறங்குவதை அப்போதுதான் கவனித்தாள்.

எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவளும்.

யாரும் வெளியே விடவில்லை.