குரலுக்குப் பின்னால் மழை

மன்சூரின் குரலுக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த ஹுஸ்னாவின் கை ஒரு கணம் நின்றது. புருஷன் வேலை பார்க்கும் சவூதி தம்மாமில் ஆடி மாதத்தில் மழையா? அங்கே வெளியில் தலைகாட்ட முடியாத வெயில் என்று போன வாரம்கூடப் புலம்பினானே. இங்கே வடகரையில்தான் விடிந்ததிலிருந்து சாரல். மலை மொத்தமும் மேகத்துக்குள் போய்விட்டது. மதியமே வீட்டுக்குள் சாயங்காலம் போல இருட்டு. சுவரில் ஈர வாடை, காயாத துணிகளின் புழுங்கல் நாற்றம். இங்கே பெய்கிற மழைதான் ஹாலில் மாட்டியிருக்கும் கேமரா வழியாகப் போய் அவனிடமிருந்து திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஹுஸ்னா, ஈரக் காத்து அடிக்குது. முன்கதவச் சாத்து."

எழுந்து போய்ச் சாத்தினாள்.

இந்த வீட்டு ஆண்கள் எப்போதும் குரலாகத்தான் இருந்திருக்கிறார்கள். மன்சூரின் வாப்பா சவூதியிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவாராம். மாமி ஹாஜரா பீவி டேப் ரெக்கார்டர் முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் தலையாட்டுவாளாம். பிறகு செங்கோட்டை எஸ்.டி.டி. பூத்தில் கால்கடுக்க நின்று கேட்ட குரல். பிறகு செல்போன். இப்போது ஹாலில் பல்பு மாதிரி ஒரு கேமரா. மன்சூர் அங்கிருந்தே பார்ப்பான், அதிலேயே பேசுவான். அவள் நடந்தால் அதன் தலையும் கூடவே திரும்பும். குரல் சொன்னால் செய்வது இந்த வீட்டுப் பெண்களுக்குப் பழகிப்போய்விட்டது.

"பிள்ளைய பின்னறையில போடு. அங்கன கதகதப்பா இருக்கும்."

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுப்படியை ஒட்டிப் பின்னால் இறக்கிய அறை அது. வீட்டிலேயே அதற்கு மட்டும்தான் தகரக் கூரை. குறுக்குக் கம்பியில் சேலைத் தொட்டில். படுத்ததும் குழந்தை உறங்கிவிட்டது. மூலையில் அடுக்கியிருந்த பாய்களுக்குப் பின்னால் இருட்டு கொஞ்சம் அதிகமாக இருந்தது போலத் தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கதவச் சாத்திட்டியா?" என்றது குரல்.

"சாத்திட்டேன் மச்சான்," என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். அது அவள் பக்கம் திரும்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது கையிலிருந்த போன் அடித்தது. மன்சூர்.

"ஏட்டி, கேமராவ எதுக்குக் கழட்டிப் போட்டிருக்கிய? முந்தாநாள்லருந்து ஆஃப்லைன்னே காட்டுது."

"இப்பந்தானே மச்சான் அதுல பேசுனிய?"

"நானா? நான் இப்பந்தான் டூட்டி முடிஞ்சு வாரேன்."

ஹுஸ்னா அண்ணாந்து பார்த்தாள். கேமராவில் எப்போதும் எரியும் நீல விளக்கு இல்லை. ஒயர் சுவரோரமாகத் தொங்கியது. இஸ்திரிப் பெட்டிக்காக மாமி பிடுங்கிய பிளக், தரையில் கிடந்தது. மாமி சுரண்டையில் கல்யாண வீட்டில் இருக்கிறாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஹாலில் நின்றால் சாரல் இவ்வளவு சத்தமாகக் கேட்காது. குரலுக்குப் பின்னால் கேட்டது தகரத்தில் விழுகிற மழை.

"ஹுஸ்னா," என்றது பின்னறை. "பிள்ளை முழிச்சிட்டா."

"யாருட்டி அது?" போனில் மன்சூரின் குரல் உடைந்தது. "என்னைய மாதிரியே பேசுதான். யாரு இருக்கா அங்கன?"

ஓடினாள். அடுப்படி ஈரத்தில் கால் வழுக்கி, முழங்காலில் அடிபட்டு, எழுந்து ஓடினாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவின் உச்சியில் இருக்கிற தாழ்ப்பாள். அவளே எக்கித்தான் போடுவாள்.

உள்ளே தொட்டில் கம்பி கிரீச்சிட்டது. நிதானமாக. யாரோ ஆட்டுகிற மாதிரி.

"ஹுஸ்னா! பேசுட்டி!"

வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"ஒண்ணுமில்ல மச்சான். டிவி ஓடுது. பிள்ளை உறங்கிட்டா."

அவளுடைய குரல். மூச்சு வாங்குவதுகூட அவளுடையது.

"டிவியா?" மன்சூர் பெருமூச்சு விட்டான். "பயந்தே போயிட்டேன். சரி, குளிச்சிட்டுக் கூப்பிடுதேன். போன வையி."

இல்லை. வைக்காதிய. மச்சான். உதடு மட்டும் அசைந்தது. உள்ளங்கையால் கதவை அடித்தாள். மழைச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

போன் அணைந்தது.

தொட்டில் நின்றது.

தாழ்ப்பாள் மெல்ல நகரும் சத்தம். கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. தொட்டில் சேலை கனமில்லாமல், தட்டையாகத் தொங்கியது. கீழே யாரும் இல்லை. பாய்களுக்குப் பின்னால் இருந்த இருட்டும் அங்கே இல்லை.

மேலே, தகரத்தை ஒட்டிய கருப்பிலிருந்து, குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.