பின்வாசலில் நிற்பவள்

திகில் படம் பார்க்கிறவன் பயப்பட வேண்டும். ஜெயரூபன் சிரித்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வந்த அன்று கம்சாயினியைப் பார்த்துச் சிரித்தானே, அதே சிரிப்பு. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் அது அவளுக்குக் கிடைக்காமல் போயிருந்தது.

பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஏதோ வெளிநாட்டு மொழி. பேயில்லை, இரத்தமில்லை. ஒரு வீட்டின் பின்வாசலில் ஈரத் தலையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். கடைசிவரை திரும்பமாட்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் தினமும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

“அப்பிடி என்ன இருக்கு அவளிட்ட?”

“முகத்தக் காட்டல்லயே புள்ள. அதான் நெஞ்சுக்க நிக்கிறா.”

நிக்கிறாவாம். மரியாதை வேறு! கம்சாயினிக்கு வயிறு எரிந்தது. வீடு அவளுடைய சீதனம். அவன் ஒரு பையோடு வந்தவன். அந்தச் சிறுக்கியும் அதே பைக்குள்தான் வந்திருக்கிறாள்.

விளக்கு வைக்கும் நேரம். முதலில் பின்கதவைச் சாத்த வேண்டும், பிறகுதான் முன்கதவைத் திறந்து விளக்கேற்ற வேண்டும். முன்னால் சீதேவி வரும்போது பின்னால் மூதேவி நுழைந்துவிடக்கூடாது. செட்டிபாளையத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பின்கதவுக்கு அப்பால் வாவி கறுத்துக் கிடந்தது, கரைச் சேற்றின் மணமும் அழுகிய பாசியின் மணமும் குசினி அடுப்புவரை வந்து நின்றன, கண்ணா மரப் பற்றைக்குள் எதுவோ தண்ணீரை மெதுவாக அளைந்துகொண்டிருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“கொஞ்சம் திரும்பு புள்ள.”

ஹோலில் அவன் குரல். கெஞ்சும் குரல். தன்னை அழைக்கும் ‘புள்ள’யை அந்தப் படத்துச் சிறுக்கிக்குக் கொடுக்கிறான்!

கதவை விட்டுவிட்டு ஓடினாள்.

“நானா அவளா? இது என்ட வீடு. இண்டைக்கே அத அழிங்க!”

அவன் கண் டிவியிலேயே இருந்தது. அதே கோபத்தில் முன்கதவைப் படாரென்று திறந்து விளக்கை ஏற்றினாள். சுடர் நேராக நிற்கவில்லை. தெருப்பக்கம் சாய்ந்தது. காற்று பின்னாலிருந்து வருகிறது.

பின்கதவு.

சேற்று மணம் இப்போது ஹோலுக்குள் இருந்தது. டிவியைப் பார்த்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பின்வாசலில் யாருமில்லை.

“இஞ்சருங்க… அவள் எங்க?”

அவன் அவளைத் தாண்டிக் குசினியைப் பார்த்தான்.

சிரித்தான்.

குசினிக்கு ஓடினாள். வெறுமை. கதவு விரியத் திறந்திருந்தது. நிலத்தில் ஈரக் காலடிகள். வாவியிலிருந்து வந்தவை. திரும்பிப் போகாதவை. வெளியே யாரும் நிற்கிறார்களா என்று பார்க்கப் படியிறங்கினாள். ஒரு படிதான்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினாள். கத்தினாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. காலைச் சுற்றித் தண்ணீர். குசினி யன்னலில் முகத்தை வைத்தாள்.

ஹோலில் அவளுடைய விளக்கு. விளக்கருகே ஒருத்தி. ஈரத் தலை. முதுகு.

“கொஞ்சம் திரும்பு புள்ள.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

யன்னலிலிருந்து அவள் முகம் தெரியவில்லை. ஜெயரூபனுடைய முகம்தான் தெரிந்தது. பயமில்லை அதில். கம்சாயினியை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.